அக்கரையில் நின்றவள்

பக்கத்து வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து ஒன்றைச் சொருகி வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டுச் சின்னப் பையனுக்கு அம்மை. சின்னம்மைதான், சில நாளில் கொப்புளம் உதிர்ந்து, மறுபடியும் சைக்கிளில் என் வீட்டு மதிலை உரசிக்கொண்டு போவான். ஆனாலும் பால் கொண்டு வருகிறவன் குப்பியைக் கேட்டுக்கு வெளியிலேயே வைத்துவிட்டு அவசரமாகப் போகிறான். மழையில் நனைந்த வேப்பிலையின் கசந்த மணம் என் சமையலறை ஜன்னல் வழியே வந்துகொண்டே இருக்கிறது. அதை முகர்ந்துகொண்டு என்னால் வேலை செய்ய முடியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் எத்தனையோ மழைக்காலம் ஆகிவிட்டது. இருந்தாலும் இந்த மணத்தைப் பற்றி உன்னைத் தவிர வேறு யாரிடம் நான் பேச?

நாம் இருவரும் பாடம் எடுத்த அந்தப் பாரலல் காலேஜ் ஞாபகம் வருகிறது. நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஓலைத் தட்டியால் வகுப்பு பிரித்த கட்டடம். கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைகளும், ஒருமுறை தோற்றுப்போன பிள்ளைகளும்தான் நம் மாணவர்கள். நான் பாறசாலையிலிருந்து பஸ் பிடித்து வந்து கணக்கு எடுப்பேன். நீ தட்டிக்கு அந்தப் பக்கம் சரித்திரம். என் வகுப்புப் பிள்ளைகள் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு உன் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நானும் சாக்குக்கட்டியை மேசையில் வைத்துவிட்டுக் கேட்பேன் என்பது உனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள், "இந்தப் பிள்ளைகளுக்கு டெல்லி சுல்தான்களத் தெரியும். தங்களுக்க காலுக்குக் கீழ என்ன கெடக்குண்ணு தெரியாது மக்கா. நான் இவங்கள நடத்திக் கூட்டிட்டுப் போவப் போறேன்" என்றாய். அப்படித்தான் உன் ஞாயிற்றுக்கிழமை நடை தொடங்கியது. முதலில் மாணவர்கள். பிறகு அவர்களுடைய அண்ணன்கள், நூலகத்துக்கு வருகிறவர்கள், திருவனந்தபுரத்திலிருந்து கேள்விப்பட்டு வந்தவர்கள். காலை பஸ் ஸ்டாண்டில் கூடி, டீ குடித்துவிட்டுக் கிளம்புவோம். பாதி மலையாளமும் பாதி நம் ஊர்த் தமிழுமாக நீ பேசிக்கொண்டே முன்னால் நடப்பாய். யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அரண்மனை, கோயில், கோபுரம் என்று எதையும் நீ காட்டியதில்லை. தூக்குமரம் நின்றதாகச் சொல்லப்பட்ட இடத்தைக் காட்டுவாய். அங்கே லாட்டரிச் சீட்டுக்காரர் தட்டு போட்டிருப்பார். பிறகு ஆற்றுக்கு இறங்கும் ஒரு ஒடுங்கிய இடைவழி. சில சாதிக்காரர்கள் தாம் வருவதைக் கூவி அறிவித்துக்கொண்டுதான் ஒருகாலத்தில் அதில் கால் வைக்க வேண்டியிருந்தது. என் முன்னோரும் அப்படிக் கூவி நடந்தவர்கள்தான். அந்த வழியில் மட்டும் நீ பேச மாட்டாய். எல்லாரையும் மௌனமாக நடக்கச் சொல்வாய். அங்கே என் செருப்புச் சத்தமே எனக்குப் பயமாக இருக்கும்.

கடைசியாகப் பாலம் கடந்து அக்கரை மேட்டுக்கு ஏறுவோம். வரிசை வரிசையாக ரப்பர் மரங்கள். நடுப்பகலிலும் உள்ளே வெளிச்சம் மங்கலாகத்தான் இருக்கும். அங்கேதான் பழைய காலத்தில் வசூரிப் புரை இருந்தது. பெரியம்மை கண்டவர்களை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டுபோய்ப் போட்ட ஓலைக் கொட்டகை. போனவர்கள் அநேகமாகத் திரும்பியதில்லை.

அங்கே நின்று குழிவெட்டி முத்தையனின் கதையைச் சொல்வாய். நோயாளிகளைப் பாயில் சுருட்டித் தூக்கிக்கொண்டு போனவன் அவன்தான், புதைத்தவனும் அவன்தான். எந்நேரமும் சாராய வாடை. உயிர் போனதா போகவில்லையா என்று பார்க்க மாட்டானாம். குழிக்குள் இறக்கும்போது ஒருத்தி "தண்ணி" என்று கேட்டாளாம். "அங்க போனா கிட்டும்" என்றானாம். ஊரில் பிள்ளைகளைப் பயமுறுத்த எல்லா வீட்டிலும் சொன்ன கதைதான். நீ அதைச் சொல்லிவிட்டு மரங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாய். பிறகு, "எனக்க அத்தையும் இங்கதான் கெடக்கா. எனக்க அப்பாவுக்கு மூத்தவ. எந்த மரத்துக்க மூட்டிலண்ணு தெரியாது" என்பாய். பிள்ளைகள் தங்கள் கால்களுக்குக் கீழே பார்ப்பார்கள். சிலர் மெல்ல இரண்டடி தள்ளி நிற்பார்கள்.

லீலா அக்கா முதலில் வந்தபோது நான்தான் அவரைக் கவனித்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிறவர் என்று சொன்னார். ஐம்பதை நெருங்கும் வயது. நடை முழுவதும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும். மூன்றாவது முறை எல்லாரும் மேட்டிலிருந்து இறங்கிய பிறகும் அவர் மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு மரங்களுக்கு நடுவில் நின்றார்.

"டீச்சரே, ஒரு காரியம் சொல்லணும்."

"சொல்லுங்க அக்கா."

"முத்தையன் எனக்க அப்பனாக்கும்."

உன் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். "அக்கா, நான் ஊர்ல சொன்னதத்தான்… எனக்குத் தெரியாது. நீங்க மன்னிக்கணும்" என்றாய்.

"மன்னிப்புக்கு வரல்ல. உங்களுக்க அத்தை இங்க இல்ல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"பின்னே எங்க பொதச்சாவ?"

லீலா அக்கா குடையை மடக்கினார். "பொதைக்கல்ல. இன்னைக்கு காலைல எனக்கு கஞ்சி வெச்சுத் தந்துட்டு, போயிட்டு வா மக்களேண்ணு அனுப்பினா."

காற்றே இல்லாத பகல் அது. ஒரு ரப்பர் காய் வெடித்து எங்கோ விழுந்தது. நீ என் கையைப் பிடித்தாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடை கிடையாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, நாம் இருவரும் ஆரியங்கோட்டுக்குப் பஸ் ஏறினோம். மரச்சீனிக் கிழங்கு விளையும் தோட்டத்துக்குள் ஒரு ஓட்டு வீடு. வாசலில் லீலா அக்கா காத்து நின்றார். உள்ளே கட்டிலில் கோமதி அத்தை உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. இடது கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. உன்னைக் கிட்டே வரச் சொன்னார். நீ குனிந்தாய். அவர் உன் முடியை ஒதுக்கி, நெற்றியை விரலால் தடவிப் பார்த்தார்.

"எனக்க அம்மைக்க நெத்தி" என்றார், தன் தாயைச் சொல்லி. அவ்வளவுதான். நீ அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாய்.

அன்று அவர் சொன்னதை நான் ஒரு வார்த்தையும் மறக்கவில்லை. கல்யாணம் பேசி வைத்திருந்த பெண் அவர். காய்ச்சல் வந்து, கொப்புளம் எழும்பியதும் வீட்டார் ஆள் அனுப்பி முத்தையனை வரவழைத்தார்கள். புரைக்குள் நோயாளிகளுக்கு நடுவில் படுத்துக்கிடந்தார். தண்ணீர் தந்தது முத்தையன் ஒருவர்தான். "சாராயம் குடிப்பாரு. குடிக்காம அதுக்குள்ள ஆரால போவ முடியும்? குழிக்குக் கொண்டு போறதுக்கு முந்தி ஒவ்வொருத்தருக்க நெஞ்சிலயும் காத வெச்சு கேப்பாரு. சிலப்போ கேட்டது தப்பாட்டும் இருக்கும். அது அவருக்கும் தெரியும். சாவுறது வர அவரு ஒருக்களிச்சுப் படுத்ததில்ல பிள்ளே. காத தலைவணையில வெச்சா கேக்குதுண்ணு சொல்லுவாரு."

என்ன கேட்கிறது என்று நாம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்த பிறகு முத்தையன்தான் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனார். விளக்கு வைக்கிற நேரம். முத்தையன் வேலிக்கு வெளியே நின்றுகொண்டார். அத்தை போய்க் கதவைத் தட்டினார்.

"உள்ளேருந்து எனக்க அம்மை ஆருண்ணு கேட்டா. நான்தான், கோமதிண்ணு சொன்னேன். ஒரு சத்தமும் இல்ல. பின்னேயும் தட்டினேன். உள்ள எரிஞ்ச விளக்க ஊதிக் கெடுத்தாவ. கதவு இடுக்கில வந்த வெளிச்சம் போச்சு. அப்பதான் எனக்கு மனசிலாச்சு, நான் செத்துப் போனேண்ணு."

முத்தையனின் அம்மா அவரை வைத்துப் பார்த்துக்கொண்டார். "கொஞ்சம் வருஷம் கழிஞ்சு நானாக்கும் அவருகிட்ட கேட்டது, என்னக் கெட்டுவியாண்ணு" என்று சொல்லும்போது மட்டும் அத்தை சிரித்தார். லீலா அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அது எத்தனையாவது முறையோ.

அதற்குப் பிறகு சொன்னதுதான் உன்னை உடைத்தது. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் உன் வீட்டார் நெய்யாற்றுக் கடவின் படித்துறையில் பலி போடுவார்கள். இறந்தவர்களுக்குச் சோறு உருட்டி வைத்து, ஈரக் கையைத் தட்டிக் காக்கையைக் கூப்பிடுவார்கள். உன் தாத்தாவுக்குப் பிறகு அது உன் அப்பாவின் முறை. கோமதி என்ற பெயரைச் சொல்லி ஒரு உருண்டை. அந்த நாளில் அத்தை அக்கரைக்கு வந்து நிற்பாராம்.

"எதுக்கு அத்தை அதப் பாக்க வருதீங்க?" என்று அழுதுகொண்டே கேட்டாய்.

"தம்பியப் பாக்கலாமில்லியா. வருஷத்துல ஒருநாள். ஆனா அவன் எனக்குக் கைதட்டும்போ, காக்கா வந்து அந்தச் சோத்தக் கொத்தும்போ, எனக்க வயிறு பிடிச்சிழுக்கும். அன்னைக்கு முழுக்க எனக்குத் தொண்டையில ஒண்ணும் இறங்காது." பிறகு உன் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். "எனக்கு அந்த வீடு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எனக்க பேருல சோறு மட்டும் காக்காய்க்கு வைக்காதீங்கோண்ணு அவன்கிட்ட சொல்லு மக்களே."

கிளம்பும்போது லீலா அக்கா பஸ் நிறுத்தம்வரை வந்தார். "வாறேன் மைனி" என்றாய் நீ. அத்தை மகளை எப்படி அழைக்க வேண்டுமோ அப்படி. லீலா அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பி நடந்தார். பஸ் வரும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலையே உன் அப்பாவிடம் சொன்னாய். அவர் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் என்றும், தாளை மடக்கக்கூட இல்லை என்றும் மறுநாள் என்னிடம் சொன்னாய். "செத்தவளுக்காக்கும் நான் சோறு வெச்சது. உயிரோட உள்ளவளுக்கு ஆராவது வைப்பாவளா?" என்று மட்டும் சொன்னாராம். உன் அண்ணன்தான் கத்தினான். குழிவெட்டி வீட்டோடு உறவு கொண்டாடி குடும்பத்தை நாறடிக்கிறாய் என்றான்.

நீ வேறு வழி தெரியாமல் உன் நடையை மாற்றினாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரப்பர் மேட்டில் முத்தையனின் கதையை நீ சொல்லவில்லை. பிள்ளைகள் ஏமாந்து போனார்கள். எல்லாரையும் பாலத்துக்கு இக்கரையில் திரும்பக் கூட்டிவந்து, உன் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் நிறுத்தினாய்.

"இது எனக்க வீடு. இந்த வாசல்ல ஒரு பொண்ணு வந்து தட்டினா. அவளுக்கு நோய் மாறியிருந்தது. அவளுக்க பேரு உள்ளே உள்ளவங்களுக்குத் தெரியும். கதவு தொறக்கல்ல. முத்தையன் உயிரோட பொதச்சானாண்ணு எனக்குத் தெரியாது. இந்த வீடு பொதச்சுது. அது எனக்குத் தெரியும்."

வராந்தாவில் இருந்த உன் அப்பா எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தும் சத்தம் நம் எல்லாருக்கும் கேட்டது. கூட்டத்தில் ஒரு பெண் அழுதாள். மற்றவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள். பிரின்ஸிபால் மறுநாளே உன்னைக் கூப்பிட்டு, குடும்பத்துக் காரியங்களில் பிள்ளைகளை இழுக்க வேண்டாம், நடையும் வேண்டாம் என்றார். அதற்குப் பிறகும் நீ ஞாயிறுதோறும் நடந்தாய். வந்தவர்கள் கொஞ்சம் பேர். சில வாரம் நான் மட்டும். அப்போதும் ஒவ்வொரு இடத்திலும் நின்று எனக்கு மட்டும் முழுதாகச் சொன்னாய். வீட்டில் உன்னிடம் யாரும் பேசுவதில்லை என்பதை வெகுநாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னாய்.

அந்த வருடத்து ஆடி அமாவாசைக்கு, "நீயும் வா, எனக்குத் தனியா நிக்க முடியாது" என்றாய். பலியும் சடங்கும் எங்கள் வீட்டு வழக்கமில்லை, ஆனாலும் வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆறு செங்கலங்கலாக ஓடியது. கடவு முழுக்க ஈர வேட்டிகள். உன் அப்பா மூழ்கி எழுந்து வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். நாம் படியில் நின்றோம். அக்கரையில், மழைக்குள், ஒரு குடையும் அதற்குக் கீழே இரண்டு பெண்களும். நீ முதலில் பார்த்தாய். என் தோளைத் தொட்டுக் காட்டினாய்.

உன் அப்பா முதலில் தன் அப்பாவுக்கு வைத்தார். அம்மாவுக்கு வைத்தார். சடங்கு செய்விக்கிறவர் வருடா வருடம் செய்விக்கிறவர்தான். பெயரெல்லாம் அவருக்கு மனப்பாடம். "பின்னே மூத்த பெங்களு, கோமதி" என்றார். உன் அப்பா சோற்றை உருட்டிக் கையில் எடுத்துவிட்டார். எடுத்த கை அப்படியே நின்றது.

"ம், வையும்" என்றார் சடங்கு செய்விக்கிறவர்.

"வேண்டாம்" என்றார் உன் அப்பா. "அவ உண்டு."

"என்ன?"

"அவ உண்டு" என்றார் மறுபடியும், கொஞ்சம் சத்தமாக.

பக்கத்து இலைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கையில் இருந்த உருண்டையை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. எழுந்து, தள்ளாடி இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, கையை ஆற்றுக்குள் அமிழ்த்தி வைத்தார். சோறு கரைந்து போகும்வரை அப்படியே குனிந்து நின்றார். அக்கரையை அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. ஆனால் அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் அவருக்காக யாரும் கை தட்டவில்லை.

திரும்பி வரும் வழியில்தான் உன் அப்பா உன்னிடம் மாதங்களுக்குப் பிறகு பேசினார். பின்னால் வந்த எனக்கும் கேட்டது. "அன்னைக்கு நான் கதவுக்குப் பின்னால நின்னேன். அக்காண்ணு விளிக்கப் போனேன். அம்மை எனக்க வாயப் பொத்தினா. அந்தக் கை இப்பவும் எனக்க வாயில இருக்கு மக்களே." நீ அவருடைய ஈரத் துண்டை வாங்கிப் பிழிந்து அவர் தோளில் போட்டாய்.

அதன்பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். ஆகவில்லை. அவர் அக்கரைக்குப் போகவில்லை, அத்தையும் வரவில்லை. இருவருக்கும் நடுவில் நீதான் போய்வந்துகொண்டிருந்தாய், பலாப்பழமும் ஊறுகாயும் சுமந்துகொண்டு. "ரெண்டு பேரும் கெழங்களு. ஆரு முதல்ல வாறதுண்ணு பாத்துட்டு இருக்காவ. நான் கூட்டிட்டு வராம விடமாட்டேன்" என்று சிரிப்பாய்.

அதற்குள் உனக்கு அந்த ரத்தத்து நோய் வந்தது. திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வார்டில் நீ கிடந்த கடைசி வாரங்களை நான் எழுதப் போவதில்லை. லீலா மைனி உன் பக்கத்தில் இருந்தார், இரவு பகலாக. அதை மட்டும் சொல்கிறேன். நானும் அதற்குள் அவரை மைனி என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன்.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் கிடத்தினோம். மரண வீட்டுக் கதவை யாரும் அடைப்பதில்லை. கதவு இரண்டும் அகலத் திறந்து கிடந்தன. முற்றம் முழுக்க ஆட்கள். பழைய மாணவர்கள், உன்னோடு நடந்தவர்கள், லாட்டரிக்காரர்கூட வந்திருந்தார். உன் அப்பா கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணில் திரை விழுந்து பார்வை மங்கியிருந்தது.

ஆட்டோ வந்து நின்றது. லீலா மைனி கையைப் பிடித்து அத்தை இறங்கினார். கேட்டைக் கடந்து, கூட்டம் விலகிய வழியில் மெல்ல நடந்து வந்தார். வாசற்படிக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். லீலா மைனி கையை இழுத்தும் அவர் கால் நகரவில்லை. உன் அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றான். வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு யாரோ நிற்பது மட்டும் உன் அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஆரு?" என்று கேட்டார்.

அத்தையின் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. நான் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

"நான்தான். கோமதி."

உன் அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கையை முன்னால் நீட்டிக் காற்றில் துழாவினார். அத்தையின் விரல் தட்டுப்பட்டதும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வா அக்கா. கதவு தொறந்துதான் கெடக்கு."

அத்தை வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். நேராக உன்னிடம் வந்து, உன் முடியை ஒதுக்கி, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உன் அப்பா அந்தக் கையை விடாமல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உன்னைக் கொண்டுபோகும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை. நீ கூட்டிக்கொண்டு வருவேன் என்றாய், கூட்டிக்கொண்டு வந்துவிட்டாய். ஆனால் இப்படி என்று நீ சொல்லவில்லையே.

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. உன் நடை எனக்குள் முடிந்தபாடில்லை. எந்த ஊருக்குப் போனாலும், எந்தப் பழைய வீட்டைப் பார்த்தாலும், இந்தக் கதவில் யார் தட்டியிருப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றுகிறது. என் வீட்டில் யாராவது தட்டினால் உள்ளே இருந்துகொண்டு "ஆரு?" என்று கேட்க என் நாக்கு எழும்புவதில்லை. போய்த் திறந்துவிடுகிறேன். "காலம் கெட்டுக் கெடக்கு, ஆருண்ணு கேட்டுட்டுத் தொறக்கப்படாதா?" என்று மருமகள் வைகிறாள். முகத்தை நான் திறந்த பிறகுதான் பார்க்கிறேன். சில சமயம் வெளியே யாரும் நிற்பதில்லை, காற்றாக இருக்கும். அப்போதும் உடனே சாத்திவிட மனம் வருவதில்லை. ஒருவர் உள்ளே வருவதற்குத் தேவையான நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.